அரசு ஜீப்பைப் பார்த்த இரண்டு பேர்

இன்று காலை மாரிகுப்பம் ரயில்வே ஸ்டேஷன் எதிரே, ராங் சைடில் வந்த ஓர் அரசு ஜீப் ஒரு பைக்கை அடித்துவிட்டது. பைக் ஓட்டி வந்தவருக்குக் கால் உடைந்துவிட்டது; கோலார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

டீக்கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்தோம். போலீஸ் வருவதற்குள், நடந்ததை ஆளுக்கு ஒருமுறை சொல்லியும் காட்டினோம்.

போலீஸ்காரர் வந்தார். "பைக்குதானே ராங் சைடுல வந்துச்சு?" என்றார்.

"நான் இப்பதான் வந்தேன் சார்" என்றார் ஒருவர். "நான் பேப்பர் படிச்சினு இருந்தேன்" என்றார் இன்னொருவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைக்கார மேரி அக்கா மட்டும் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"ஜீப்புதான் சார் ராங் சைடு."

"அது யாரு ஜீப்புன்னு தெரியுமா?"

"எந்தப் பக்கம் வந்துச்சுன்னுதானே கேட்டீங்க. யாருதா இருந்தா இன்னா சார்?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "நானும் பார்த்தேன் சார்" என்றேன். எங்கள் இரண்டு பேர் பெயரையும் போலீஸ்காரர் முறைத்தபடியே எழுதிக்கொண்டு போனார்.

மற்றவர்களுக்கு ஒரே நேரத்தில் எப்படிக் கண் தெரியாமல் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நல்ல கண் டாக்டர் யாராவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மொத்தமாக அழைத்து வருகிறேன்.