பெயர் இல்லாத மடக்குக்கத்தி

காலை ஆறே முக்காலுக்குத் தஞ்சாவூரில் மாயவரம் பாசஞ்சர் ஏறினேன். எழுபது கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு. சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தியின் புகைப்படமும், அதை நானே அளந்து வரைந்த படமும் இருந்தன. கத்தி கோர்ட்டில் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். தஞ்சாவூர் வக்கீல் ஒருவரிடம் நான் ஜூனியர். சீர்காழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தை அறுவடைக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர் விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்கி மறித்தார்கள். தள்ளுமுள்ளில் மிராசுதாரின் காரியக்காரருக்கு, அதாவது பண்ணையை மேற்பார்வை பார்ப்பவருக்கு, உள்ளங்கையில் ஆழமான வெட்டு. வயலில் கிடந்த கத்தி வீரையன் என்ற தொழிலாளியுடையது என்று வழக்கு. அதைத் தொட்டதே இல்லை என்றார் வீரையன். ஜாமீன் கிடைக்காமல் சிறையில் இருந்தார்.

விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கத்தி. இருபுறமும் கறுப்புக் கட்டை. ஒரு மூலையில் சில்லுப் பெயர்ந்திருந்தது. பிரித்தால் அலகு ஒன்று, டப்பா திறக்கும் வாய் ஒன்று, திருப்புளி ஒன்று. முதுகுப் பக்கத்தில், நுனியில் கூம்பும் தடித்த முள் ஒன்று. எங்கும் பெயர் இல்லை, எண் இல்லை.

முந்தின நாள் கீழவாசல் இரும்புக்கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிலிட்டரி சாமானா இருந்தா நம்பர் அடிச்சிருப்பான். சீமைச் சரக்குன்னா கம்பெனி பேரு இருக்கும். தேய்ச்சு அழிச்ச தடம் இருந்துதா?"

லென்ஸ் வைத்துப் பார்த்ததாகவும், தடமே இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப பேரே போடாம செஞ்சது. அந்த முள்ளு எதுக்குன்னு கண்டுபிடிங்க சார். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்."

கும்பகோணத்தில் கூட்டம் ஏறியது. படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் மாட்டுக் குளம்பில் கல் எடுக்கும் முள் என்றார். பக்கத்தில் இருந்தவர் செருப்புத் தைக்கிற ஊசி என்றார். முனை மழுங்கல் என்று சொன்னதும் இருவரும் விட்டுவிட்டார்கள். காலியான கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கையை நீட்டினார்.

"குடுங்க பாப்போம். இது கயித்து வேலைக்கு ஆவுற மாதிரில்ல இருக்கு? பூம்புகாருல எங்காளுங்ககிட்ட காட்டுங்களேன்."

நேரே சீர்காழி போவதாகத்தான் திட்டம். மாயவரத்தில் இறங்கியதும் பூம்புகார் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இருபத்துநாலு கிலோமீட்டர், எண்பத்தைந்து காசு. இருபுறமும் அறுத்து முடித்த தாள், அதன் நடுவே உளுந்து முளைத்திருந்தது. கடைசி மூன்று கிலோமீட்டரில் வயல் மறைந்து மணல் வந்தது.

பதினொரு மணி வெயிலில் கரையோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார்.

"கப்பல்காரன் கத்தி சார் இது. தடிக் கவுத்தைப் பிரிச்சுப் பின்னுறப்ப இந்த முள்ளைச் சொருவிப் புரியை விலக்குவாங்க. எங்களுக்கு இது வேணாம். பினாங்கு ஹார்பர்ல நாலு வருசம் மூட்டை தூக்குனேன். அங்க கயித்துக்கடையில கொத்தாத் தொங்கும்."

"எந்த நாட்டுச் சரக்கு?"

"ஜப்பான்காரன் செஞ்சு அனுப்புறான்னாங்க. பேரு இருக்காது. வாங்குறவன் தன் பேரைத் தானே கீறிக்குவான்."

நான்கு வாரமாகத் தலையைக் குடைந்த கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை. சீர்காழி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து வாடகை சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் மிதித்து, மூன்று மணிக்கு வீரையன் வீட்டை அடைந்தேன். அவர் மனைவி அஞ்சம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க தெருவுல யாராச்சும் பினாங்கு போயிட்டு வந்திருக்காங்களா?"

"மாயவரத்தைத் தாண்டுனவங்களே இங்க கெடையாது சார். காரியக்காரரு மச்சான்தான் போன வருசம் பினாங்குலேருந்து வந்தாரு."

அடுத்து நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல் காரியக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. நெல் போட மில்லுக்குப் போயிருந்தார். அவர் மனைவி காமாட்சி, தஞ்சாவூரிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொல்லி மோர் கொண்டுவந்தார். புகைப்படத்தை நீட்டினேன்.

"அட, எங்க அண்ணன் குடுத்த கத்தி! அம்மிக்கல்லுல விழுந்து மூலை பேந்துது பாருங்க. அறுப்புலேருந்து காணோம். எங்க கெடைச்சுது?"

முகமெல்லாம் சந்தோஷம். மோர் தம்ளரைக் கீழே வைத்தேன். மறைக்க முடியவில்லை. நான் வீரையனின் வக்கீல் என்றும், அவரைச் சிறையில் வைத்திருப்பது இந்தக் கத்திதான் என்றும் சொன்னேன்.

புகைப்படத்தை என்னிடம் திருப்பித் தந்தார். "வீரையன் கருக்கருவாளால வெட்டுனான்னுல்ல எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட சொன்னாரு," என்றார் மெல்ல. பிறகு, "மோரைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி. அவரு வர்ற நேரம்."

தஞ்சாவூர் திரும்பி, பினாங்கு மச்சானை மட்டுமே சாட்சிக்கு அழைக்கலாம் என்று சீனியரிடம் சொன்னேன். காமாட்சி கணவருக்கு எதிராகக் கூண்டில் ஏற நேருமே என்று, அவரைச் சந்தித்ததைச் சீனியரிடம்கூடச் சொல்லவில்லை. மச்சான் மறுத்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தோம். அவர் கூண்டில் ஏறி, கத்தி தான் வாங்கியது என்றும், தங்கை கணவரான காரியக்காரருக்குக் கொடுத்தது என்றும், அறுவடை அன்று காலை அவர் இடுப்பில் அதைப் பார்த்ததாகவும் சொன்னார். மிரட்டுவதற்குப் பிரித்த கத்தி தள்ளுமுள்ளில் தன் கையையே கிழித்துவிட்டதை, மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்ட காரியக்காரர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். வீரையன் விடுதலையானார்.

அன்று மாலை சீர்காழி கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காமாட்சியின் அண்ணனுக்கு அமைந்தது. பஸ் வைத்தீசுவரன் கோயிலைத் தாண்டியது.

"எப்படிங்க துணிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நானா துணிஞ்சேன்? தங்கச்சி வந்து வாசல்ல நின்னுச்சு. உள்ளதைச் சொல்லுன்னுச்சு. சொல்றேன்னு சத்தியம் பண்ற வரைக்கும் உள்ள வரமாட்டேன்னுடுச்சு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"எங்க வீட்டுலதான் இருக்கு. அவரு வந்து கூப்பிடல. இதுவும் போவேன்னு சொல்லல."

மாயவரத்தில் அவர் இறங்கிக்கொண்டார். பெயர் இல்லாத ஒரு பொருள் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்த பெருமையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கத்தியைப் பற்றி அறிந்தவர்கள் வழியெல்லாம் இருந்தார்கள். வீரையனை வெளியே கொண்டுவந்தது அவர்கள் சொன்னது மட்டும் அல்ல.