மீன் பலகையில் வைத்த ஜக்

ஆலங்குடாவுக்கு அப்பால் கடற்கரையில் மீன் காயவைக்கும் வாடி ஒன்று இருக்கிறது. மன்னாரிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறிய பிறகு பல வருசம் அங்கேதான் கருவாட்டுக்கு மீன் வெட்டினேன். இப்போது முழங்கால் குந்த விடுவதில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் பழைய ஜீப்பில் கருவாடு ஏற்றப் போனால், தரம் பிரித்துக் கொடுக்க நானும் கூடப் போவேன்.

போன தடவை தென்மேற்குக் கச்சான் காற்று வீசிய நேரம், ஒரு காலையில், சாக்குகளை ஏற்றிவிட்டு ஜீப்பைத் திருப்பும்போது பின் சில்லு ஒன்று மணலில் இறங்கிவிட்டது. இவர் மிதிக்க மிதிக்க அது இன்னும் கீழே போனது. கடைசியில் அச்சும் மணலில் குந்திக்கொண்டது.

வாடிச் சம்மாட்டி வந்து பார்த்தார். வாடியும் வள்ளங்களும் அவருடையவை. எங்களைவிட இளையவர், வாய் கொஞ்சம் நீளம்.

"காக்கா, ஜீப்பும் நீங்களும் ஒரே வயசா? ரெண்டு பேரும் இருந்தா எழும்புறதில்லையே."

"ஜீப் என்னைவிட இளசு. நீ கதைக்காம ஒரு பலகையைக் கொண்டா," என்றார் இவர்.

இவரிடம் உயரமான ஜக் ஒன்று இருக்கிறது. என் நெஞ்சு உயர இரும்புச் சட்டம், நெடுக ஓட்டை. கைபிடியை அடிக்க அடிக்க ஒவ்வொரு ஓட்டையாக ஏறி வண்டியைத் தூக்கும். வெறும் மணலில் வைத்தால் வண்டி எழும்பாது, ஜக்தான் புதையும். அதற்குத்தான் பலகை. சம்மாட்டி கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வந்தார். அது மீன் வெட்டும் பலகை.

அந்தப் பலகையை எனக்குத் தெரியும். எத்தனையோ வருசத்துச் சாளை மீன் எண்ணெய் அதில் ஊறிக் கிடக்கிறது. பார்க்கக் காய்ந்த மரம் போல இருக்கும். பாரம் வைத்து அழுத்தினால் கசியும். வெட்டுகிற பெண்கள் நாங்கள் அதன்மேல் ஒரு சாக்கை விரித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் மீனும் கத்தியும் ஒன்றாக வழுக்கும். ஆம்பிளைகள் அதில் வெட்டியதே இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அது வழுக்கும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன ராத்தா, ஏதும் சொன்னீங்களா?" சம்மாட்டி திரும்பினார்.

"ஒண்டுமில்ல," என்று முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

பம்பருக்குக் கீழே ஜக்கைக் கொடுத்து இவர் அடித்தார். சில்லு மணலை விட்டு எழும்பியது. அதற்கடியில் தேங்காய் மட்டை திணிக்க வேண்டும். இவர் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். தலைக்கும் சில்லுக்கும் ஒரு சாண்தான்.

நான் ஜக்கின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் பலகை மினுங்கியது.

"வெளிய வாங்க! கைய எடுங்க!"

காற்றையும் மீறிக் கத்தினேன். இத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தும் இவர் என் கத்தலைக் கேட்டதில்லை. எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று பதறி உருண்டு எழும்பினார்.

"என்ன, பாம்பு கடிச்சிட்டா?"

கேட்டு வாய் மூடவில்லை, ஜக் சரிந்தது. ஜீப் தடாரென்று விழுந்தது. கைபிடி சுழன்று மணலில் குத்தியது. உள்ளே வைத்த மட்டை இரண்டும் நாராகிப் போயிருந்தன.

தூரத்தில், வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் பெரிய பட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"ராத்தா," சம்மாட்டி மெல்லக் கேட்டார், "முதல்ல இதைத்தானே சொல்ல வந்தீங்க?"

"ஓம். சாளை எண்ணெய். இரும்பு நிக்காது."

"அப்ப ஏன் ஒண்டுமில்லண்டு சொன்னீங்க?"

அவர் பதிலுக்கு நிற்காமல் போய், உடைந்த வள்ளமொன்றின் காய்ந்த பலகைகள் இரண்டைக் கொண்டுவந்தார். மணலைச் சமப்படுத்தி ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே போட்டார். ஜக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப சரியா? நீங்க சொல்லாம அடிக்க மாட்டன்."

வாய்க்காரர்தான். ஆனால் அப்படி நின்று கேட்டதற்காக அவருக்கு நான் இன்றும் துஆ செய்கிறேன்.

"முன் சில்லுக்குக் கட்டை வைக்கல்ல," என்றேன்.

"யா அல்லாஹ்! காக்கா, இவ்வளவு நாளும் இவங்களை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

இவர் சிரித்துக்கொண்டே போய் முன் சில்லுக்குக் கட்டை கொடுத்தார். இந்தத் தரம் சம்மாட்டிதான் அடித்தார். கைபிடிக்கு நேரே முகத்தைக் கொடுக்காமல் ஒதுங்கி நின்று, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அடித்தார். மட்டையை யாரும் கையால் வைக்கவில்லை, துடுப்பால் தள்ளினோம். இறக்கும்போதும் பிடியை விடாமல் ஒவ்வொரு ஓட்டையாக இறக்கினார். ஜீப் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்தது.

வீட்டுக்கு வந்து இவர் அஸர் தொழுதபோது, நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதில் நெடுநேரம் கிடந்தார். கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு நான் கிணற்றடிக்குப் போனேன். வலது கைப்பக்கம் தோள் வரைக்கும் மணலும் கிரீசும். வேறு நாளென்றால் புறுபுறுப்பேன். அன்றைக்கு மூன்று தரம் சவுக்காரம் போட்டேன். அந்தக் கையை நீட்டி விரித்து அலசும்போதெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன். விடிய அவர் போட வேண்டுமே என்று, வெயில் இறங்குமுன் கொடியில் காயப்போட்டேன்.