ஒளித்துச் சுமந்த ஈசாக்கு

நம் அன்பியக் கூட்டத்துச் சகோதர சகோதரிகளுக்கு, வில்லியனூர் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி சொல்கிறேன். நான் பூத்தோட்டத்தில் பூ பறிக்கப் போகிறவள். நாலு பேர் முன்னால் எழுந்து பேசிப் பழக்கமில்லை. சண்டை போடச் சொன்னால் நன்றாகப் போடுவேன். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் எனக்கு அவ்வளவு வினையும் வந்தது.

போன வருஷம் தவக்காலத்தில் எனக்கு மாதாமாதம் வருவது நின்றது. வயசு நாற்பத்து மூன்று. நிற்கிற வயசுதானே, விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஈஸ்டர் முடிந்த கையோடு, கரையாம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் ஒரே மகள் ஜான்சி போன் செய்து, தான் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். அடுத்த மாதம் தோட்டத்தில் குனிந்து பூ பறித்துக்கொண்டிருக்கும்போது என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பூக்கூடையோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர்ப் பக்கம் இது எப்பேர்ப்பட்ட வெட்கம் என்று உங்களுக்குத் தெரியும். மகளைக் கட்டிக்கொடுத்த தாய் மறுபடி உண்டாகக் கூடாது. அதுவும் மகள் மசக்கையில் இருக்கும்போது தாயும் மசக்கை என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர் சவரிநாதனிடம் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்ள மூஞ்சில எப்டி முழிக்கிறது மேரி? ஊரே கைகொட்டி சிரிக்கும்," என்றார்.

கலைத்துவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பாவத்தை நாங்கள் செய்யமாட்டோம். ஆனால் நான் செய்ததைக் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதோடு சரி, நாலு பேர் முன்னால் இன்றைக்குத்தான் சொல்கிறேன். தினமும் மாதா படத்துக்கு முன்னால் மண்டிபோட்டு, "இது தானா போயிடணும் தாயே" என்று வேண்டினேன். கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டே அப்படி வேண்டினேன்.

அது போகவில்லை. வளர்ந்தது. நான் ஏற்கெனவே பருத்த உடம்பு. சேலையைத் தளர்த்திக் கட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினேன். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த நர்சம்மா, "உங்க வூட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்களா?" என்று கேட்டபோது, "எம் பொண்ணுதான், அவ மாமியா வூட்ல இருக்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன். ஊசி போடவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. கால் வீங்கியது. தலை வலித்தது. வெயில்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய திட்டமும். எவ்வளவு பெரிய புத்திசாலிகள் பாருங்கள்.

ஆவணியில் ஜான்சிக்கு வளைகாப்பு. தாய் வீட்டுச் சீராக ஏழு வகைச் சோறு கிண்டி எடுத்துக்கொண்டு கரையாம்புத்தூருக்குப் போனோம். கூடம் நிறையப் பொம்பளைகள். நான் ஏழு மாத வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டு, ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த மகள் கையைப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளையலோ நாலாவது வளையலோ, கண் இருட்டியது. வளையல் தட்டின் மேலேயே விழுந்தேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். மூச்சு விடட்டும் என்று என் சேலையைத் தளர்த்திய சம்பந்தியம்மாவின் கை என் வயிற்றில் பட்டதாம். "ஏண்டி ஜான்சி, உங்கம்மா புள்ளத்தாச்சிடி" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்களாம். யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை மாதம் மறைத்தேனோ, அவர்கள் கையாலேயே என்னை வேனில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். பிரஷர் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளை. ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவில் கிடந்தான். மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நான் அவனைப் பார்த்து அழக்கூட இல்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை?

நாலாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம், உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று தோன்றியது. போகட்டும் என்று நான்தானே மண்டிபோட்டுக் கேட்டேன்? மாதா இப்போது கொடுக்கப் போகிறாள்.

அங்கே இருந்த ஒரு நர்சு நம் சபைப் பிள்ளை, பூரணாங்குப்பத்துக்காரி. அவள் என் காதோடு வந்து, "அம்மா, ஆபத்துக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்னா நீங்களே குடுக்கலாம். சுத்தமான தண்ணி நான் தரேன், ஒரு சொட்டு போதும். டாக்டரையும் கேட்டுட்டேன். பேர் இன்னான்னு மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க," என்றாள்.

பேர். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் பேரை யோசிக்கவில்லை. நாய்க்குட்டிக்குக்கூடப் பேர் வைக்கிறோம். ஒளித்து வைத்த பிள்ளைக்குப் பேர் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

வராந்தாவில் வீட்டுக்காரரும் ஜான்சியும் நின்றிருந்தார்கள். அவர், "பிச்சைமுத்துன்னு வை மேரி. பிச்சையா கேட்டாலாவது குடுப்பாரு," என்றார். ஜான்சி அதுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபம். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவள் அவள். சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்.

"ஈசாக்குன்னு வை."

"அதுக்கு இன்னாடி அர்த்தம்?"

"எபிரேயத்துல, அவன் சிரிப்பான்னு அர்த்தம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஊர் சிரிக்கிறது பத்தாதா? பேர்லயும் சிரிப்பா?" என்றேன்.

அவள் என் முன்னால் குனிய முடியாமல் குனிந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பைபிள்ல சாராவுக்குத் தள்ளாத வயசுல புள்ள பொறக்கும்னு ஆண்டவர் சொன்னப்ப, அவ கூடாரத்துக்குள்ள மறைஞ்சி நின்னு சிரிச்சா. ஏன் சிரிச்சன்னு கேட்டா, பயந்துபோயி, நான் சிரிக்கலயேன்னு பொய் சொன்னா. நீ அந்த நர்சம்மாகிட்ட சொன்னியாமே, அப்பா சொன்னாரு, அது மாதிரி. ஆனா அதுக்காக ஆண்டவர் புள்ளய குடுக்காம போயிட்டாரா? குடுத்தாரு. அவ எதை மறைச்சாளோ அதையே புள்ளைக்குப் பேரா வச்சாரு. பொறந்தப்புறம் அவளே சொன்னா, கேக்கறவங்கல்லாம் என்கூட சேர்ந்து சிரிப்பாங்கன்னு." பிறகு, "எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்மா. நான் இன்னா சிரிச்சிருக்கவா போறேன்?" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உள்ளே போனேன். நர்சு சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் கொடுத்தாள். ஈசாக்கு என்று கூப்பிட்டு, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால் அந்தச் சின்ன நெற்றியில் தண்ணீர் விட்டேன். என் பிள்ளையை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, முன்ன நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். அதை நீங்க கேக்காததா நெனச்சிக்கோங்க. இவன் சிரிப்பான்னு பேர் வச்சிருக்கேன். என்னைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். இவன் சிரிக்கறதுக்கு உயிரோட இருந்தா போதும்." இவ்வளவுதான் சொன்னேன்.

அன்றைக்கே அதிசயம் நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். அன்றைக்கு அப்படியேதான் இருந்தான். மறுநாளும் அப்படியேதான். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து, மருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது என்றார். ஒரு வாரத்தில் மூச்சுக்குழாயை எடுத்தார்கள். ஒவ்வொரு குழாயாகப் போகப் போக என் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறங்கியது. ஐம்பது நாளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, ஐப்பசி மழையில் அவனைத் துணியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர்கள் கையும் நர்சுகள் கையும் ஆண்டவர் கைதான் என்று நான் நம்புகிறேன்.

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் முகத்துக்குத்தானே நான் அப்படிப் பயந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தவர்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். "எதுக்கு அண்ணி மறைச்சீங்க? எம் புள்ளைய நான் பெத்த வருஷந்தான் எம் மாமியா கடைசி புள்ளைய பெத்தாங்க. உங்க மாப்ளையும் அவன் சித்தப்பனும் ஒரே வகுப்புல படிச்சவங்க. எங்க வூட்ல யாரு யாரைப் பாத்து சிரிக்கிறது?" என்றார்கள். எனக்குத் தையல் போட்ட வயிறு. சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருந்தால் என் பிள்ளை இந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம்.

கார்த்திகையில் ஜான்சிக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஈசாக்குக்குக் கோயிலில் ஞானஸ்நானத்தின் மீதிச் சடங்குகளைச் செய்தோம். அன்றைக்கே பேத்திக்கும் ஞானஸ்நானம். மாமனும் மருமகளும் ஒரே சமயத்தில் அழுததைப் பார்த்துக் கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்தார். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஈசாக்குக்கு இப்போது பதினொரு மாதம். நாலு பல் முளைத்திருக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறான்.

போன வாரம் தோட்டத்தில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, கல்யாண வயசில் பையனை வைத்திருப்பவள், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். "உனக்கு எப்டிக்கா தைரியம் வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தைரியம் வரவே இல்லை, விழுந்து மானம் போன பிறகுதான் புத்தி வந்தது என்று உள்ளதைச் சொன்னேன். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவளை அப்படியே நர்சம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பேரைப் பதியவைத்தேன்.

வழியில் அவள் இன்னொன்றும் சொன்னாள். நான் மாதா முன்னால் கேட்ட அதே வேண்டுதலைத் தானும் கேட்டுவிட்டதாகச் சொல்லி அழுதாள். அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கேட்கக் கூடாததை நம்மில் பல பேர் கேட்டிருப்போம். கேட்டுவிட்டு, அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜெபத்தையே விட்டிருப்போம். விடாதீர்கள். நாம் என்ன கேட்கிறோம் என்பதைவிட நமக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போய், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லித் திருத்திக் கேளுங்கள். கொடுப்பார்.