தண்ணீர் ஊற்றக் கூடாத வீடு

குடிபோன அன்றே லோகப்பிரியா அம்மாவிடம் ஒரு பொய் சொன்னாள்.

"ஊட்டைக் கழுவி உட்டுட்டுத்தான பால் காய்ச்சினே கண்ணு?" என்று சின்னாத்தாள் தொண்டாமுத்தூரிலிருந்து கைப்பேசித் திரையில் கேட்டாள்.

"கழுவிட்டேன்ம்மா."

ஈரத்துணியை இறுக்கிப் பிழிந்து ஒரு தரம் துடைத்ததோடு சரி. அதற்கு மேல் செய்ய வழியில்லை. இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் நூல் மில்கள் ஓடிய ஊர் அது. மலைச்சரிவில் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் பழைய கல் வீடுகளில் ஒன்றைத்தான் அவளும் மதன்குமாரும் வாங்கியிருந்தார்கள். மாடி முழுக்க மரப்பலகைத் தரை. பலகைக்கு அடியில் உத்தரங்கள், அதற்கும் அடியில் கீழறையின் உட்கூரைப் பூச்சு. சாவியைக் கொடுத்த ஏஜெண்ட் போகும்போது திரும்பி நின்று, இந்த வீடுகளுக்குத் தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எங்க, அந்தத் தரையைக் காட்டு அம்மணி" என்று அப்பா நஞ்சுண்டன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். அவள் காட்டினாள்.

"பலகையா? தண்ணி ஊத்துனா?"

"ஊத்தக் கூடாதுங்கப்பா. கீழ ரூம்ல சொட்டும்."

"தண்ணி ஊத்திக் கழுவ முடியாதுன்னா அது ஊடா, ரயில் பொட்டியா? ஏனுங்க மாப்பிள்ளை, எங்க புள்ளையை ரயில்லயா குடி வெச்சிருக்கறீங்க?"

"டிக்கெட் எடுத்துத்தானுங்க மாமா ஏறியிருக்கறோம்" என்றான் மதன்குமார். "பேங்க்காரன் இருபத்தஞ்சு வருசத்துக்கு எறங்க உடமாட்டான்."

நஞ்சுண்டன் சிரித்த சிரிப்பில் திரை குலுங்கியது. அன்றிலிருந்து வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. "ரயிலு எந்த ஸ்டேசன்ல நிக்குது?" என்றுதான் கேட்பார்.

அவருக்கு அவள் ஒரே பிள்ளை. மலையடியில் தென்னந்தோப்பும், கொஞ்சம் சின்ன வெங்காயமும், நடுவில் தோட்டத்து வீடும். அந்த வீட்டு ஆசாரத்துக்கு, முன்கூடத்தை அப்படித்தான் அங்கே சொல்வார்கள், சிமெண்ட் தரை போட்ட அன்று நஞ்சுண்டன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றினாராம். அது தயங்காமல் மூலைக்கு ஓடி, சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே கறிவேப்பிலைச் செடிக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே கொத்தனாரை விட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தரையைக் கழுவுவது லோகப்பிரியாவின் வேலை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் குடமாக ஊற்றிச் சீமாறால் தள்ளுவாள். பள்ளிக்கூடம் முடித்து, கோயமுத்தூரில் கல்லூரி முடித்து, கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியின் அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகும் அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மதன்குமாருக்குக் கொடுமுடி. அவனும் பம்பு வடிவமைக்கிறவன்தான், ஆனால் அந்தக் குளிர் ஊரில். கல்யாணம் முடிந்து ஆடி வருவதற்குள் அவளைக் கூட்டிப் போய்விட்டான். வாடகை கொடுத்து மாளவில்லை என்று, யாரும் வாங்காமல் கிடந்த அந்த வீட்டை வாங்கினார்கள். பழுது பார்க்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றான். கூடப் படித்தவர்களெல்லாம் கல்யாணமான புதிதில் ஊட்டி, வால்பாறை என்று படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஆணி பிடுங்கினார்கள்.

பகலெல்லாம் அவள் தனியாகச் சுவர்க்காகிதம் உரிப்பாள். ஒன்றுக்குக் கீழே இன்னொன்று வரும், பூப்போட்டது, கோடு போட்டது, யாரோ ஒரு குழந்தைக்காக ஒட்டிய கப்பல் படம். யார் வீட்டுக் கல்யாணத்திலோ வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல இருக்கும். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அவன் வந்து சட்டையை மாற்றிக்கொண்டு மாடித் தரையில் மண்டியிடுவான். பாதித் தரையை மூடிக் கிடந்த அழுகிய கம்பளத்தை இருவருமாக உருட்டி வெளியே போட்டார்கள். பழைய கறுப்பு வண்ணத்தைத் தேய்த்து எடுத்தார்கள். மெஷின் போகாத மூலைகளை அவன் கையாலேயே தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மரம் தேன் நிறத்தில் மேலே வந்தது. அதிகம் பேசாத அவன் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தன் சின்ன வயதை, காவிரியில் ஒரு தடவை முங்கிப் போனதை, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று சட்டையை மூன்று தரம் மாற்றியதை எல்லாம் சொன்னான். அவர்கள் புருசன் பெண்டாட்டி ஆனது அந்தத் தரையில் என்றுகூடச் சொல்லலாம். கடைசிப் பூச்சு எண்ணெய் கொடுத்துக் காய்ந்ததும், செருப்பில்லாமல் நடந்து பார் என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

"ரயிலு ஊரு வந்து சேந்துருச்சுன்னு மாமாகிட்டச் சொல்லிப்போடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காட்டலாம் என்று இருந்தாள். ஞாயிறு வருவதற்குள் தோட்டத்துக்குள் யானை புகுந்துவிட்டது. தென்னம்பிள்ளைகள் எத்தனை போயின என்று பார்க்க விடிந்ததும் போன நஞ்சுண்டன், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சாந்தாமணி அக்காதான் முதலில் பார்த்தாள். லோகப்பிரியாவுக்குச் சொன்னதும் அவள்தான்.

போக வேண்டும் என்பதைத் தவிர லோகப்பிரியாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெட்டியை எடுத்து வைத்த பிறகுதான் விசா நினைவுக்கு வந்தது. நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் செல்லாமல் போகும்.

"போகோணும்னா போ லோகு" என்றான் மதன்குமார். "நான் தடுக்க மாட்டேன். திரும்பி எப்ப உடுவாங்கன்னுதான் தெரியலை."

அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். சின்னாத்தாளின் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "வர வேண்டாம் சாமி. நீ வாரதுக்குள்ள எடுத்துருவாங்க. ஐஸ் பெட்டியில வெச்சு நாளைக்கி வரைக்கும் போட்டுட்டு இருக்க உங்க பெரியப்பா ஒத்துக்க மாட்டீங்கறாரு. அங்கயே இரு."

லோகப்பிரியா பெட்டியை மூடினாள். அப்பாவைப் பார்க்கப் போவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குள் இறங்கியது.

காலையில் மாடியறை ஜன்னல் விளிம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். அங்கே பிற்பகல். சாந்தாமணி அக்கா தன் ஃபோனை ஆசாரத்து அலமாரியில் நிறுத்திவிட்டிருந்தாள். அப்பாவின் காலும், மேலே விழுந்திருந்த மாலைகளின் ஓரமும்தான் தெரிந்தன. யார் யாரோ குறுக்கே போனார்கள். கொடுமுடியிலிருந்து மாமனார் மாமியார் கோடித்துணி கொண்டுவந்தார்கள். மகள் கையால் நடக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள். பிறகு யாராவது ஒரு பெண் முன்னால் வந்தாள். மதன்குமார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். தூக்கும்போது எழுந்த சத்தத்தில் கைப்பேசியின் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு திரையில் வெறும் தரை.

"ஒரு டீ போட்டுட்டு வாரேன்" என்று மதன்குமார் கீழே போனான். அவளைக் கொஞ்ச நேரம் தனியாக விடலாம் என்று நினைத்திருப்பான்.

திரையில் பெண்களின் பேச்சு கேட்டது.

"எடுத்தாச்சு. ஊட்டைக் கழுவி உடுங்க. வெளக்கு வெக்கோணுமல்ல?" அது பெரியம்மா.

"மொதக் கொடம் மக ஊத்தோணுமுங்களே."

"மகளுக்கு எங்க போறது? அவதான் சீமையில குந்தியிருக்கறாளே."

"ஏனுங்க, அவ என்ன ஆசைக்கா குந்தியிருக்கறா?" சாந்தாமணி அக்காவின் குரல் உயர்ந்தது. பிறகு அவள் முகம் திரையை நிறைத்தது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "கண்ணு, இருக்கறியா? உன்ற பேரைச் சொல்லி நான் ஊத்தறேன். சரியா?"

லோகப்பிரியா எழுந்து குளியலறைக்குப் போனாள். சுவர்ப்பூச்சு கலக்கிய வாளி, விளிம்பெல்லாம் காய்ந்த வெள்ளையோடு அங்கே இருந்தது. குழாயைத் திறந்தாள். நிறைந்ததும் இரண்டு கையாலும் தூக்கி வந்து அறையின் நடுவில் நின்றாள்.

"இருங்கக்கா" என்றாள். "நான் ஊத்தறேன்."

சாந்தாமணி அக்கா குடத்தோடு அப்படியே நின்றாள். லோகப்பிரியா வாளியைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் தேன் நிறத் தரையில் விரிந்து சுவர்வரைக்கும் போனது. அங்கே இரண்டாவது குடம் விழும் சத்தம் கேட்டது, சீமாறின் சரசரப்பு கேட்டது. இவளிடம் சீமாறு இல்லை. குனிந்து உள்ளங்கைகளால் தள்ளினாள். குளிர் எலும்புக்குள் ஏறியது. மூலைக்குத் தள்ளினாள். மூலையில் ஓட்டை இல்லை. தண்ணீர் சுவரில் மோதி அவள் காலடிக்கே திரும்பி வந்தது. இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். அப்பா போட்ட தரையில் தண்ணீருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இங்கே அது போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பலகைகளின் இடுக்குகளைக் கண்டுபிடித்தது.

படிகளில் காலடி தடதடத்தது. "லோகு! மேல பைப்பு ஒடைஞ்சுருச்சா? கீழ கொட்டு கொட்டுன்னு..." வாசலில் மதன்குமார் நின்றுவிட்டான். தலைமுடியிலும் தோளிலும் சொட்டு சொட்டாக நனைந்திருந்தான். "என்ன பண்ணிப்போட்டே! அய்யோ, என்ன பண்ணிப்போட்டே நீ!"

ஓடிப்போய் இருக்கிற துண்டுகளை எல்லாம் அள்ளிவந்து தரையில் விரித்து அழுத்தத் தொடங்கினான்.

"தொடைக்காதீங்க."

"தரை போயிரும் லோகு!"

"தொடைக்காதீங்கன்னு சொல்றேனுங்க."

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் இருந்த ஃபோனைப் பார்த்தான். திரையில் நாலைந்து பெண்கள் ஆசாரத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் இருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரோரம் போய், ஈரத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

கழுவி முடிந்து, தலைமாடு இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்த பிறகு சின்னாத்தாளை ஃபோனுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. பழக்கத்தில் கேட்டாள்.

"கழுவி உட்டாச்சா கண்ணு?"

"கழுவிட்டேன்ம்மா" என்றாள் லோகப்பிரியா.

ஒரு வாரத்தில் நடுப்பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டன. கீழறையின் உட்கூரையில் வெளிறிய டீ நிறத்தில் ஒரு கறை படர்ந்தது. மதன்குமார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாடியறைக்குள் அவன் செருப்போடு போய்வரத் தொடங்கினான். மாலைகளில் இருவரும் ஒன்றாகச் சுவர் தேய்த்தார்கள், உப்புத்தாளை எடு, விளக்கை இந்தப் பக்கம் பிடி என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவள் மட்டும் வெறுங்காலோடு அந்தத் தூக்கிய பலகைமேல் போய் நிற்பாள். பாதத்தில் உறுத்தும். அவளுக்கு அப்பா செத்ததற்கு அந்த வீட்டில் இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

சித்திரையில் விசா வந்தது. தொண்டாமுத்தூர் போனாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஓய்ந்து போயிருந்தார்கள். ஆசாரத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தும் அழுகை வரவில்லை. வெள்ளிக்கிழமை தரையைக் கழுவினாள். தண்ணீர் முன்போலவே மூலைக்கு ஓடி, கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. "கூட வந்துருங்கம்மா" என்று அம்மாவைக் கேட்டாள். "அந்த ரயில்லயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது யாருடைய பேச்சு என்று உணர்ந்தவளாகச் சின்னாத்தாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது மதன்குமார் விமான நிலையத்திலேயே ஏதோ ஒளித்துவைத்த சிரிப்போடு இருந்தான். மாடிக்குக் கூட்டிப் போய் விளக்கைப் போட்டான். தரை பளபளவென்று இருந்தது. தூக்கிய பலகைகளை எடுத்துவிட்டு வேறு பழைய பலகை தேடிப் பிடித்துப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து எண்ணெய் கொடுத்திருந்தான். கைகளில் புதுக் காய்ப்பு.

"நடந்து பாரு" என்றான். "எங்கயும் தட்டாது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். எங்கும் தட்டவில்லை.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே உட்கார்ந்தபோது மேலே பார்த்தாள். உட்கூரைக்கும் புது வெள்ளை அடித்திருந்தான். அதையும் மீறிக் கறையின் ஓரம் லேசாகத் தெரிந்தது.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். "மூணு தரம் அடிச்சுப்போட்டேன், உட மாட்டீங்குது. ஞாயித்துக்கிழமை இன்னொரு கோட்டு குடுத்தா மறைஞ்சுரும்."

"வேண்டாமுங்க" என்றாள். "அதை உட்டுருங்க."

அவன் சாப்பிட்டு முடித்ததும், வெள்ளை அடிக்க மூலையில் சாய்த்திருந்த ஏணியை எடுத்துப் போய்ப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தான்.