உச்சந்தலையில் ஓர் ஊசி

முத்தியால்பேட்டை அக்குபங்சர் கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரராகத்தான் அவரைத் தெரியும். நரைத்த மீசை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டை. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். என் கைகளையே பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அன்று இருவருக்கும் உச்சந்தலையில் ஊசி குத்திவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார்.

"தலைவலிங்களா?" என்றேன்.

"அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன் சார். நெசத்துல, தூக்கம் வரக்கூடாதுன்னுதான் வர்றேன். மெஷின்ல நிக்கும்போது கொஞ்சம் கண்ணசந்துட்டேன். கூட நின்னவன் கை போயிடுச்சு. இப்ப தூங்குனா அவன் கத்துறது கேக்குது. உச்சியில குத்துனா மண்டை தெளியும்னாங்க."

அதே புள்ளியில்தான் எனக்குத் தூக்கம் வருவதற்காகக் குத்தியிருந்தார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது. ஊசியோடு தலை மெல்லச் சாய்ந்தது.

சட்டென்று அலறி விழித்தவர், என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குங்க" என்றேன்.

அவர் மறுபடியும் முதல் விரலிலிருந்து தொடங்கினார்.