சீனாக்காரர் கொடுத்த உருண்டை

வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லியில் தையல்காரர் சாதுல்லாவின் பெண்சாதி ஜுபைதாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. ஆனால் அபினி என்ற பேச்சு வந்தால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். பினாங்குக்குப் பிழைக்கப் போன சாதுல்லா, திரும்பும்போது தையல் மிஷினும் கொண்டுவந்தார், அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். அபினிக் கடைக்குப் போகாத நாளில் கை உதறும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவார். பார்க்கச் சகிக்காது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் களை பறிக்கப் போகும்போது தன் பிள்ளை நாக்கில் கடுகளவு அபினி தடவித் தூங்கப்போட்டுவிட்டுப் போவாள். அப்போது பாதி ஊர் அப்படித்தான்! "உம் பொண்ணுக்குப் பல்லு மொளைக்குது, அதான் கத்திகினு கீது. நீயும் கொஞ்சம் தடவேன்" என்றாள் ஒருநாள்.

ஜுபைதா எரிந்து விழுந்தாள். "அப்பன முழுங்கனது பத்தாதா? எம் பொண்ணு ரஹீமா நாக்குல அந்தச் சனியன் பட வுடுவனா?"

பட்டுத்துணி மூட்டையோடு தெருத்தெருவாக வரும் சீனாக்காரர் ஒருவரிடம் அவள் புலம்பப்போய், அவர் ஒரு சீசா கறுப்பு உருண்டை கொடுத்தார். அபினியை மறக்கடிக்கும் தங்கள் ஊர் மூலிகை என்றார். அதில் என்ன இருந்ததென்று அந்த மனுஷனுக்கே தெரியுமோ, தெரியாதோ!

உருண்டை உள்ளே போனதிலிருந்து சாதுல்லா கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கை உதறவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டே மிஷின் ஓட்டினார். அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள் ஜுபைதா. சீசா தீரத்தீர அடுத்தது வாங்கிவைத்தாள்.

ஆடி மாசம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சாதுல்லா தைத்த துணி கொடுக்க அயனம்பாக்கம் போயிருந்தார். கஷாயத்துக்குக் கேட்கவில்லை. "ஒரு பொட்டு அபினி வெச்சா நின்னுடும், சொன்னா கேளு" என்றாள் பொன்னம்மாள்.

ஜுபைதா கேட்கவில்லை. அபினிக்கே எமனான மருந்து வீட்டில் இருக்கும்போது அந்தச் சனியன் எதற்கு? அவ்வளவு பெரிய ஆளைத் தேற்றிய மூலிகை பிஞ்சுக்கு ஆகாமலா போகும்? ஓர் உருண்டையைத் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டினாள்.

போக்கு நின்றது. அழுகையும் நின்றது. பிள்ளை கண்ணயர்ந்துவிட்டது என்று நிம்மதியாக உலை வைத்தாள், துணி துவைத்தாள். வெயில் தாழ வந்து தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஐயோ, அந்தத் தாய் போட்ட சத்தம்!

வீடு வந்த சாதுல்லா பிள்ளையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கிண்ணத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். "அடிப்பாவி, அதுவும் அபினிதான்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"மொத நாளே நாக்குல பட்டதும் தெரிஞ்சிபோச்சு. நீ அவ்ளோ சந்தோசமா இருந்தியே ஜுபைதா... எப்டிச் சொல்லுவேன்?"

அன்றோடு சாதுல்லா அபினிக் கடையையும் மிதிக்கவில்லை, உருண்டையையும் தொடவில்லை. எல்லா வேதனையும் பட்டுத் தேறினார், கை உதறல் மட்டும் போகவில்லை. தினமும் காலையில் ஜுபைதா மிஷின் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். அவர் சாகும்வரைக்கும் கொடுத்தாள், ஆனால் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.