பேகம் தொடாத டின்

1. எனக்கு மேலே ஒருவர்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். ஹைதராபாத் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி. புதுப்புடவை கட்டிப் போயிருந்தேன். என் முதலாளி கார்த்திக் முதலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் எதிரே, மெத்தை போட்ட நாற்காலியில் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருந்தது.

"மேடம், இவங்க பேகம். நம்ம சீஃப் டேஸ்டிங் ஆபீசருங்க. கம்பெனியில எனக்கே இவங்க மேலதானுங்க."

பேகம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அறிமுகம் முடிந்தது.

என் ஊர் தூத்துக்குடி. மனிதர்கள் தின்னும் மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவள். கணவருக்கு மத்திய அரசு நிறுவனத்தில் மாற்றலாகி ஹைதராபாத் வந்து, சைனிக்புரியில் வீடு பார்த்துக் குடியேறினோம். இனி டின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நினைத்திருந்தபோதுதான் இந்த வேலை வந்தது. பூனைகளுக்கு டின் உணவு தயாரிக்கும் சின்னக் கம்பெனி. ஆபீஸ் மாதாப்பூரில், ஃபாக்டரி சனத்நகரில் ஒரு பழைய ஷெட்டில். டின்னை மூடி சீல் வைக்கும் சீமிங் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இன்டர்வியூவில் கார்த்திக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பூனை வளர்த்திருக்கீங்களா மேடம்?"

"இல்ல சார். மீன் கம்பெனியில விரட்டியிருக்கேன்."

சிரித்துவிட்டு வேலை கொடுத்துவிட்டார்.

கார்த்திக்கின் ஊர் கோயம்புத்தூர். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய சம்பளத்தில் இருந்தவர். அதை விட்டதற்குக் காரணம் பேகம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பைக் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பூனையை எடுத்து வந்து வளர்த்தார். நல்ல சாப்பாடாகக் கொடுக்க வேண்டும் என்று கடையில் இருந்த டின்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, லேபிள் படித்து, இணையத்தில் தேடி, அதன் எதிரே வைத்துப் பார்த்திருக்கிறார். இறக்குமதியான வாத்து, முயல், சால்மன் எதையும் பேகம் தொடவில்லை. அது விரும்பியது ஒரே ஒரு டின். அடுக்கின் அடித்தட்டில் இருந்த மலிவான சூரை மீன் டின்.

"எப்படிங்க மேடம் அதைக் கொடுக்கறது? விலையப் பார்த்தாலே தெரியுதுங்களே, ஹெல்தி இல்லைன்னு."

அந்த டின்னின் லேபிளை மட்டும் அவர் படிக்கவில்லை. விலையைப் பார்த்ததோடு சரி. பேகத்துக்கு ஏற்ற ஆரோக்கியமான டின் உலகத்திலேயே இல்லை என்று முடிவு செய்து, தானே தயாரிக்கக் கிளம்பிவிட்டார்.

2. சாமை வந்தது

எங்கள் மார்க்கெட்டிங் பொறுப்பு சுனிதாவிடம் இருந்தது. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு வாக்கியத்தில் நான்கு மொழி பேசுவாள், நான்கும் புரியும்.

ரெசிபி மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். நான் கோழிக்கறி, ஈரல், மீன், டாரின் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். டாரின் என்பது பூனைக்கு மிக அவசியமான சத்து. இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வேலைக்குச் சேருமுன் படித்துத் தெரிந்துகொண்டது.

"ஈரல் நக்கோ, வேணாம் மேடம்" என்றாள் சுனிதா. "லிவர்னு போட்டா கஸ்டமர் மூஞ்சி சுளிப்பாங்க."

"பூனை சுளிக்காதே."

"பூனையா கார்டு தேய்க்குது?"

ஈரல் போனது. பதிலுக்குச் சாமை வந்தது. பின்னாலேயே முருங்கைக்கீரை, மஞ்சள், ஆளிவிதை, பூசணி. ஒரு கட்டத்தில் போர்டில் இருந்ததைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர் ஒருவர் விரதத்துக்குச் சமைத்ததைப்போல் இருந்தது. கடைசியாக நோய் எதிர்ப்புச் சக்திக்குப் பூண்டு என்றார் கார்த்திக். அதற்கு மட்டும் நான் எழுந்து நின்றேன்.

"சார், பூண்டும் வெங்காயமும் பூனைக்கு விஷம். அதைப் போட்டா நான் நாளைக்கு வரமாட்டேன்."

பூண்டு அடிபட்டது. சாமை நின்றது. சத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பூனை இதை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது. அதனால் லேபிளில் 'துணை உணவு மட்டும்' என்று அச்சிட வேண்டும் என்றேன். தாராளமாகப் போடலாம் என்றார்கள். டின்னின் முதுகில், தகடு சேரும் தையல் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டார்கள். முன்பக்கம் 'பாட்டன் காலத்துத் தானியங்களின் பலம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தப் பூனையின் பாட்டன் சாமை விதைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

3. அபார்ட்மெண்ட் ஸ்டால்

சனி, ஞாயிறுகளில் பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்களில் ஸ்டால் போடுவோம். வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை வைத்தே அவர்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

"இதுல சுகர் எவ்வளவு?" என்று கேட்டவர் கையில் ஜிலேபிப் பொட்டலம் இருந்தது. கொழுப்பே இருக்கக்கூடாது என்றவருக்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தன் பூனைக்குச் செவ்வாய்க்கிழமை அசைவம் கிடையாது என்றார். டாக்டர் தங்களுக்குச் சொன்னதைத் தாங்கள் கடைப்பிடிக்க முடியாமல், பூனையைக் கடைப்பிடிக்க வைத்தார்கள்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "மேடம், உங்க டின் நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கம்மி."

"உங்க பூனை எப்படி சார் சொல்லிச்சு?"

"பூனை சாப்பிடலை. நான்தான் வேஸ்ட் பண்ண வேணாமேன்னு தோசைக்குத் தொட்டுக்கிட்டேன்."

டின்கள் நன்றாக விற்றன. அதுதான் சிக்கலே. பூனைகள் சாப்பிட்டனவா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்ன ஒருவர் தோசை சாப்பிடுபவர்.

பேகமும் அதைத் தொடவில்லை. ஆனால் சுனிதா அதன் படத்தை டின்னில் போட்டிருந்தாள்.

4. முதலீட்டாளர் வந்தார்

பணம் போடுவதாக ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. கார்த்திக் திரையில் படம் காட்டி ஒருமணி நேரம் பேசினார். முடிவில் வெள்ளித்தட்டில் எங்கள் டின்னைத் திறந்து பேகத்தின் முன் வைத்தார்.

பேகம் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தது. முகர்ந்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி, தட்டைச் சுற்றியிருந்த வெறுந்தரையை வறட்டு வறட்டென்று பிறாண்டத் தொடங்கியது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மிகவும் பொறுப்பாகச் செய்தது.

"பார்த்தீங்களா, ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்புறம் சாப்பிட எடுத்து வைக்குது" என்றார் கார்த்திக், ஆங்கிலத்தில்.

"எங்க வீட்டில் மூன்று பூனை இருக்கிறது" என்றார் அந்த அம்மா. "எதன் மேல் இப்படி மண் தள்ளும் என்று எனக்குத் தெரியும்."

சுனிதா லேப்டாப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஆனால் அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த வாரம் வருகிறேன். என் கண் முன்னால் இது சாப்பிடட்டும். பிறகு பேசுவோம்."

அந்த ஒரு வார்த்தைதான் வினையானது.

5. பசி வந்தால்

கார்த்திக் பேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். வேறு வழியில்லாமல் அதுவரை கொடுத்துவந்த சூரை மீன் டின்களை எல்லாம் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். எங்கள் டின் மட்டும்தான்.

"பசிச்சா தன்னால சாப்பிடுமுங்க மேடம். நம்ம சின்ன வயசுல அம்மா சொல்லலீங்களா?"

நான் அப்போது சனத்நகரில் ஒரு புது பேட்சில் மாட்டியிருந்தேன். சில நாள் கழித்து சுனிதா கூப்பிட்டாள். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"மேடம், சார் பேகத்தைத் தூக்கிட்டு வந்திருக்கார். அது தண்ணிகூட ஒழுங்கா குடிக்கலை. கேட்டா, நாம ஸ்ட்ராங்கா இருக்கணும், இன்னும் ஒரு நாள்ங்கறார். எனக்கு பயமா இருக்கு. வாங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். பேகம் நாற்காலியில் இல்லை. மேஜைக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கொழுகொழுவென்று இருந்த பூனை. தூக்கினேன். என் கையில் அது எதிர்க்கவேயில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். ஜன்னல் வெளிச்சத்தில் காதின் உள்பக்கத்தைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது.

அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வேறு வந்துவிட்டது.

"என்ன தம்பி செஞ்சு வச்சிருக்கிய? காதைப் பாருங்க. பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகும்னு நான் படிச்சிருக்கேன். வண்டியை எடுங்க!"

அவர் காதைப் பார்த்தார். சாவியைத் தேடி மேஜையெல்லாம் துழாவினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

டாக்டர் தெலுங்குக்காரப் பெண். சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். பரிசோதித்து, ரத்தம் எடுத்து, டிரிப் ஏற்றிவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு. குண்டான பூனை சாப்பிடாம இருந்தா இப்படித்தான் ஆகும். பிழைக்குமான்னு இப்ப சொல்லமாட்டேன். என்ன கொடுத்துட்டு இருந்தீங்க?"

கார்த்திக் எங்கள் டின்னை நீட்டினார். டாக்டர் முன்பக்கத்தைப் படித்தார், திருப்பினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு டின்னை மூக்கருகே கொண்டுபோய் ஓரத்தைப் படித்தார்.

"துணை உணவுன்னு நீங்களே போட்டிருக்கீங்களே. இதை மட்டும் எப்படிக் கொடுத்தீங்க? முன்னாடி என்ன விரும்பிச் சாப்பிட்டுது?"

கார்த்திக் சொன்ன சூரை மீன் டின் அந்த க்ளினிக் அலமாரியிலேயே இருந்தது. டாக்டர் எடுத்துப் படித்தார்.

"வளர்ந்த பூனைக்கு முழு உணவு. டாரின் இருக்கு. ஈரப்பதம் நல்லா இருக்கு. இதுக்கு என்ன குறை? இதையே கொடுத்திருக்கலாமே?"

அந்த அறையில் ஒரு பூனையின் உயிரோடு ஒரு கம்பெனி தொடங்கிய காரணமும் ஊசலாடிக்கொண்டிருந்தது. கார்த்திக் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான்தானுங்க மேடம், நானேதானுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

6. ஊசியில்லாத சிரிஞ்ச்

பேகம் பிழைத்தது. கழுத்தில் குழாய் வைத்து, அரைத்த உணவைச் சிரிஞ்சால் செலுத்த வேண்டியிருந்தது. பேகம் தானாகச் சூரை மீனைத் தின்னத் தொடங்கும்வரை, பல வாரம் கார்த்திக்தான் செய்தார். வீடியோ மீட்டிங்கில் யாரிடமோ வாடிக்கையாளரே தெய்வம் என்று பேசிக்கொண்டே, திரைக்குக் கீழே தெய்வத்துக்குச் சிரிஞ்ச் அழுத்துவார். முதலீட்டாளர் அம்மாவுக்கு அவரே போன் செய்து, வரவேண்டாம், பூனைக்கு உடம்பு சரியில்லை என்றார். அவரும் வரவில்லை.

கம்பெனியை மூடிவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். சனத்நகரில் இயந்திரம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ஈரல் போட்டு ஒழுங்காக ஒரு டின் செய்வோம் என்றேன். இந்த முறை புத்தகப்படி எல்லாம் சரியாக நானே செய்தேன். இருபது வருட அனுபவம் அத்தனையும் அந்த டின்னில் இருந்தது. பேகம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையைப் பிறாண்டியது.

சுனிதா என்னைப் பார்த்து, "ஹவ், ஆமா மேடம், ஈரலும் போட்டாச்சு" என்றாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வச்சீங்களா? லேசா வெதுவெதுப்பாக்குங்க, வாசனை வரணும். அதுக்குத் தெரிஞ்ச டின்னோட ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து ஆரம்பிங்க. அவசரப்படாதீங்க" என்றார்.

கார்த்திக் அப்படியே செய்தார். ஒரு ஸ்பூன், பிறகு இரண்டு. பேகம் எங்களுடையதை மட்டும் ஒதுக்கி வைத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் மீண்டும் ஒரு ஸ்பூனுக்கு இறங்குவார். வாக்குவாதம் கிடையாது.

ஒரு பிற்பகல், எங்கள் டின் மட்டும் இருந்த தட்டை வைத்துவிட்டு மூவரும் தள்ளி உட்கார்ந்திருந்தோம். பேகம் வந்து, முகர்ந்து, நின்று யோசித்து, தின்னத் தொடங்கியது. அந்த நேரம் கார்த்திக்கின் போன் அதிர்ந்தது. பெரிய கடைத்தொடர் ஒன்றின் கொள்முதல் மேலாளர். அந்த அழைப்புக்காக அவர் எத்தனையோ நாள் காத்திருந்தார்.

"சார், போன்" என்று கிசுகிசுத்தாள் சுனிதா.

"அடிக்கட்டும் விடுங்க. சாப்பிட்டுட்டு இருக்காங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருளை வாங்குகிறவர் ஒருவர், புகழ்கிறவர் ஒருவர், விழுங்க வேண்டியவர் வேறொருவர். முதல் இரண்டு பேரோடு மீட்டிங் போடுங்கள், தப்பில்லை. ஆனால் மூன்றாமவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்காருங்கள். தட்டு காலியாகும்வரை எழுந்திருக்காதீர்கள்.